ஒரே பெயரில் நான்கு பேர்

எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். எனக்கு என் தாத்தா பெயர். அப்பாவுக்கு அவருடைய தாத்தா பெயர். அதனால் தாத்தாவுக்கும் எனக்கும் தலைப்பெழுத்து முதற்கொண்டு ஒரே பெயர். காகிதத்தில் பார்த்தால் நாங்கள் ஒரே ஆள்தான்.

எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் நான்கு பேர். முதலாமவர் தாத்தாவுக்கும் தாத்தா. பாறையில் மூன்று கோடைகள் உளியடித்துக் கிணறு வெட்டியவர். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம்; அந்தக் காட்டுக்கு இன்றும் அதிலிருந்துதான் தண்ணீர். இரண்டாமவர் மேற்குத் தோட்டத்துப் பங்காளி. மூன்றாமவர் என் தாத்தா. நான்காமவன் நான், பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவன்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. ஆகவே அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'சாமி'தான்.

சென்ற ஆண்டு என் தம்பி, சித்தப்பா மகன், சாலையோரம் இருந்த தன் பங்கு நிலத்தை விற்க முடிவு செய்தான். அதன் மூலையில் ஒரு ஓட்டு வீடு. எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்தினுடையது. இப்போது ராசிபுரத்துக்குத் தறி வேலைக்குப் போய்வரும் ஒரு விதவை அதில் இருக்கிறார். அந்த இடத்தைத் தாத்தா அந்தப் பெண்ணின் மாமனாருக்கு எழுதிக்கொடுத்த தாள் ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. தேதி இருந்த மேல்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது கையெழுத்து மட்டும்.

அது மேற்குத் தோட்டத்துக்காரர் கையெழுத்து என்றான் தம்பி. அவருக்கும் அதே பெயர், அதே தலைப்பெழுத்து. அவருடையது என்றால் அந்தத் தாள் செல்லாது. அவருக்கு இந்த நிலத்தில் பாத்தியதை கிடையாது. அந்தப் பெண் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அம்மா மட்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். இடத்தைக் கொடுத்தவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். அம்மா என்னைக் காட்டி, "இவம் பேருதானுங்க," என்றார். எழுத்தர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா கையொப்பமிட்டார். பள்ளியில் ஒரு பிறந்த தேதியை நான்கு முறை சரிபார்க்கிற நான், அந்த வாக்குமூலத்தை வாங்கிப் படிக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில் "விசாரணை முடிந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நகல் வந்தபோதுதான் தெரிந்தது. அருகில் நிற்கும் மகன் இடத்தைக் கொடுத்ததாக அதில் இருந்தது.

தம்பி சிரித்துவிட்டான். "ஏனுங்ண்ணா, பொறக்கறதுக்கு முந்தியே கையெழுத்துப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நகலை வைத்தே தாளைத் தள்ளிவிடலாம். மனுக் கொடுத்து மறு விசாரணை கேட்டேன். பெயரை நானே ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன், அதை நீட்டினால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"சீட்டக் குடுத்தா நீ எழுதுனதும்பாங்க. நா வாயில சொன்னாத்தான் எம்பட சாட்சி."

மறு விசாரணையில் அதே கேள்வியைக் கேட்டார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மாமனார் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு மேல் வாயில் வராத பெயர்; எங்கும் தடுக்கவில்லை.

"இந்தப் பேருல கெணறு வெட்டுனவர நாம் பாத்ததில்லீங்க. மேக்குத் தோட்டத்துக்காரரு அன்னிக்குக் கையெழுத்துப் போட்ட களத்துக்கே வரலீங்க. இவன் எம்பட பையன், அப்பப் பொறக்கவே இல்ல. எங்க மாமனாருதானுங்க போட்டாரு. நாந்தான் மைப்புட்டியப் புடிச்சிட்டு நின்னேன்."

வட்டாட்சியர் தலையசைத்து, தட்டச்சு செய்பவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். அறையில் மற்ற மூன்று பேருக்குத்தான் அங்கே என்ன நடந்தது என்று தெரியும். தறிக்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். தம்பி, அம்மா எழுந்தபோதே தானும் எழுந்து நின்றவன், கடைசிவரை உட்காரவில்லை.

இம்முறை வாக்குமூலத்தை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் நீட்டினேன். எதிர்த்தரப்பு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள்.

"பெரியம்மாளே பேரச் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் என்னங்க சொல்றது?" என்றான் தம்பி.

அடுத்த மாதம் அந்த வீட்டு இடத்தைப் பிரித்து அளக்க நில அளவையர் வந்தார். சங்கிலியின் ஒரு முனையை அவருடைய உதவியாளர் பிடித்தார். மறு முனையைத் தம்பி பிடித்தான். அந்தப் பெண்ணின் குளியலறைச் சுவர் எல்லைக்கு வெளியே போவதைப் பார்த்துவிட்டு, எல்லைக்கல்லை இரண்டடி தன் பக்கமாகத் தள்ளி நடச் சொன்னான்.