அண்ணனுக்காக வாதாடுகிறவர்

சவரக்கத்தி அந்தரத்தில் நிற்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு கன்னம் பளபளக்கிறது. மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. "இப்ப என்ன சொன்னீங்க? அண்ணன் சனங்களைக் கெடுத்தாரா?" என்கிறார் சலூன்காரர். பதில் வரும்வரை கத்தி இறங்காது. அவசரக்காரர்கள் அந்தக் கடையில் அண்ணன் பேச்சை எடுப்பதில்லை.

அண்ணன் செத்துப் பல வருடமாகிறது. ஆற்றங்கரைக் குடியிருப்பை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, ஆளுக்கொரு திசையாகக் கிடந்த சனங்களைத் திரட்டி, வாசலை விட்டு நகராமல் உட்கார வைத்த தலைவர் அவர். இடிப்பு நின்றது. வீடுகள் அவரவர் பெயருக்கு வந்தன. பிறகு, பெயருக்கு வந்த வீடுகளை ஒவ்வொருவராக விற்றார்கள். இன்று அங்கே கண்ணாடி பதித்த அடுக்குமாடி நிற்கிறது. அதன் வாசலுக்கு உள்ளே அண்ணனுக்கு மார்பளவு சிலை. மாலை போடப் போகிறவர்கள் காவலாளியிடம் கெஞ்சித்தான் உள்ளே போக வேண்டும்.

சலூன்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர் நரைக்கெல்லாம் சாயம் பூசுகிறவர், தன் தலையைப் பஞ்சாக விட்டிருக்கிறார். கத்தரிக்கோல் முடி இல்லாத இடத்திலும் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். வாதம் சூடேறினால் அந்தச் சத்தமும் வேகம் பிடிக்கும்.

எதிர்க்கட்சி, மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். தலையில் வெட்ட ஒன்றும் இல்லை, வம்புக்கென்றே வருவார்.

"அவரு இல்லைன்னா நீயெல்லாம் இன்னிக்கு எங்க இருப்ப?"

"இப்ப மட்டும் எங்க மச்சான் இருக்கேன்? ஊர்க்கோடியில, வாடகை வீட்ல."

"வித்துத் தின்னது நீ. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"சனங்க வித்துடும்னு தெரியாதவரு என்ன தலைவரு?"

வீட்டில் இந்தப் பேச்சு நடக்காது. "செருப்போட அந்தப் பேரையும் வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்பது மனைவியின் உத்தரவு. அதற்கான காரணம், கடையின் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால், உயரமான முக்காலியில் உட்கார்ந்து முடி வெட்டுகிறது. அவர்கள் மகன். இயந்திரம் நகர்ந்த நாளில் அதன் முன்னால் படுத்திருந்தவன். வலது கால் முழங்காலோடு சரி. அப்பாவைவிட நல்ல கை என்று அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பேசத்தான் மாட்டான். அப்பா தொண்டை கிழியக் கத்தும்போது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பான், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு மந்தமான மதியத்தில் மைத்துனர் எல்லை தாண்டினார்.

"புள்ளைங்களை மிஷினுக்கு முன்னாடி படுக்க வெச்சுட்டு உங்க அண்ணன் மேடையில மைக்கைப் பிடிச்சாரு. இவன் காலை வாங்குனது அந்தாளுதான்."

"அந்தக் காலுதான்டா இடிப்பை நிறுத்துச்சு!" சலூன்காரரின் குரல் தெருவரை போனது. "எம்புள்ள காலு வீணாப் போகல. அண்ணன் படுன்னாரு, இவன் படுத்தான்."

மகன் ரேடியோவை அணைத்தான்.

"அண்ணன் சொல்லலப்பா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிஷின் உறுமுனதும் அண்ணன் மேடையிலேருந்து எறங்கி ஓடி வந்தாரு. 'எந்திரிச்சுப் போங்கடா, நாளைக்குப் பாத்துக்கலாம்'னாரு. எல்லாரும் எந்திரிச்சாங்க. நானும் எந்திரிக்கத்தான் பாத்தேன். கூட்டத்துலேருந்து நீதான் கத்துன. 'என் மானத்தை வாங்காத, படுடா'ன்னு."

அவன் குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னான். சொல்லிவிட்டு, சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுக்கத் தொடங்கினான்.

மைத்துனர் சட்டைப் பையைத் தடவினார். எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்போல வெளியே போய்விட்டார்.

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் நடந்து வந்து, மகனுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டைத் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்களை மூடி, கழுத்தை நீட்டினார்.