எரிந்துபோன லொறி ஒருகொடவத்தையில் நின்றது

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு அதன் பூர்வீகத்தைத் தேடிச் சொல்வது என் தொழில். இந்தத் தொழிலில் பாதி நேரம் அலுவலக வாசல்களில்தான் போகும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, உள்ளே என்ன கேட்பார்களோ என்று ஏதாவதொரு வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மிச்சத்தை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நீலப் பெயின்ற்

வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிவபாலன் அண்ணைக்கு ஒரு பழைய ஆமி லொறியில் ஆசை வந்துவிட்டது. வன்னிக்குச் சீமெந்தும் கம்பியும் ஏற்ற, எந்தக் கிரவல் ரோட்டிலும் புதையாத வண்டி வேண்டுமாம். லொறி கொழும்பின் ஓரத்தில், ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கிய ஒரு யாட்டின் மூலையில், இன்னொரு பழைய லொறிக்குப் பக்கத்தில் நின்றது. நீலப் பெயின்ற் புதிதாக மினுங்கியது. கதவோரம் நகத்தால் சுரண்டினேன். உள்ளேயிருந்து பச்சை எட்டிப்பார்த்தது. கீழே குனிந்து பார்த்தால், முன்பாதியும் பின்பாதியும் சேருகிற இடத்தில் தடித்த வெல்டிங் தழும்பு. பின்பாதியின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது. அதையும் லொறியையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

விற்கிறவர் தமிழ் நன்றாகப் பேசும் சிங்களவர். ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் வாங்கினாராம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாதாம். லொறி முறைப்படி ஆமியை விட்டு வெளியே வந்திருக்காவிட்டால், வழியில் மறிக்கும்போது மாட்டுவது ட்ரைவர்தான், ஆமியிடமே விசாரிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“லொறிக்குப் பயப்பட வேணாம் மிஸ், கேக்கப் போற இடத்துக்குப் பயப்படுங்க.”

பிறந்த இடம்

அவர் சொன்னது சரிதான். ஆமி அலுவலக வாசலில் நின்ற சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் முல்லைத்தீவு. திரும்பவும் முன்பக்கம் பார்த்தார், பிறகு என் முகத்தை. இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும், அந்த ஒரு சொல்லை யாராவது வாசிக்கும்போது, வெள்ளவத்தை விலாசத்தை நானே முந்திச் சொல்லிவிடுவேன். போனில் ஆமி லொறியின் படங்கள் வேறு. அவற்றை அழித்துவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே இருந்த சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர். “முல்லைத்தீவு ஆளுக்கு ஆமி லொறியின் கதை எதற்கு?” என்று சிங்களத்தில் கேட்டார். வாங்கப்போவது நான் இல்லை, வெள்ளவத்தை முதலாளி ஒருவர் என்று விளக்கினேன். என் குரலே எனக்குப் பொய் மாதிரிக் கேட்டது. அவர் படத்தைப் பார்த்துச் செசி நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்தவர் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இந்த லொறி கண்ணிவெடியில சிக்கி எரிஞ்சு போச்சு மிஸ், இப்ப நீங்க படம் எடுத்தது எதை?”

தெரியாத நம்பர்

தெரியாது என்றேன். சார்ஜன்ட் என் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு, போகச் சொன்னார். நம்பரைக் கொடுத்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். வீட்டுக்கு வந்து என் கணவர் குகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “உண்மையான நம்பரோ குடுத்தனீர்?”

அடுத்த நாள் காலை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். விட்டுவிட்டேன். திரும்ப அடித்தது. குகன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, படங்களை அழிக்கும்படி கையால் காட்டினார். மூன்றாவது தடவை அடித்தபோது, ஈரக்கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். வயதான குரல், நிதானமான தமிழ். கொம்பனித்தெருவில் இருக்கிற மலாய்க்காரராம், ஆமியில் ட்ரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம், பெயர் துவான். சார்ஜன்ட்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்த லொறியை ஓட்டியது தான்தான், இப்போது நிற்பதை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கூப்பிடவில்லை, கெஞ்சித்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. குகன் முழுவதையும் கேட்டுவிட்டு மீண்டும் பேப்பரை எடுத்தார்.

“சரி, போம், ஆனா ஆக்கள் நிக்கிற இடத்தில நிண்டு கதையும்.”

இரும்பு வளையம்

துவான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு யாட்டுக்கு வந்தார், இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி. லொறியின் முன்பக்கத்தைப் பார்த்து, “இது என்ட இல்ல” என்றார். எனக்கு மனம் விழுந்துவிட்டது. பிறகு பின்பக்கம் போனார். சாமான் ஏற்றும் பெட்டியின் உள் மூலையில், பெயின்றுக்கு அடியில், ஒரு இரும்பு வளையம். அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர்ப் பீப்பா ஆடாமல் கட்ட, தானே வெல்டிங் வைத்த வளையமாம். வெடியில் முன்பாதி போனது. பக்கத்தில் இருந்த உதவியாளனும் போனான். மிஞ்சிய பின்பாதியைப் பழைய இரும்பாக ஏலத்தில் விற்றிருக்கிறார்கள். யாரோ இன்னொரு லொறியின் முன்பாதியை அதில் ஒட்டி, பெயின்ற் அடித்து, முழு லொறி ஆக்கிவிட்டார்கள்.

விற்கிறவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானே காஸ் கட்டரை எடுத்துவந்து, அந்த வளையத்தை அறுத்து, தண்ணீர் ஊற்றிச் சூடு ஆற்றித் துவானிடம் கொடுத்தார். துவான் அதைக் கைக்குட்டையில் சுற்றினார். வாசல்வரை நடக்கும்போது, “மிஸ்ஸுக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். வெள்ளவத்தை என்றுதான் வாயில் வந்தது. ஏனோ அதை விழுங்கிவிட்டு, முல்லைத்தீவு என்றேன். அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். அவர் கைக்குட்டை முடிச்சை ஒருமுறை இறுக்கினார்.

“அங்க கிணத்துத் தண்ணி நல்ல ருசி மிஸ், நாங்க கேக்காமத்தான் அள்ளினோம்.”

கடையில் சொன்ன பதில்

அன்று மாலையே சிவபாலன் அண்ணையின் கடைக்குப் போனேன். பழைய இரும்பாக விற்ற லொறியின் பின்பாதியில் வேறொன்றின் முன்பாதியை ஒட்டியது இது, இதை ரோட்டில் ஓட்டினால் உங்கள் ட்ரைவர் உள்ளே போவார், வாங்கவேண்டாம் என்றேன். அவர் முகம் கறுத்தது. கிளிநொச்சிக்காரர்களுக்கு லொறி வருகிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். “ஒரு லொறியைப் பாத்துச் சொல்லச் சொன்னா, நீர் செத்த வீட்டுக்குப் போய்வந்த மாதிரி நிக்கிறீர்” என்றார். நான் மறுக்கவில்லை. கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடை ட்ரைவர் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, ஒரு தரம் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

நான் படியிறங்கும்போது அண்ணை பின்னாலிருந்து கூப்பிட்டார். கோபம் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினேன்.

“தங்கச்சி, அந்த யாட்டில பக்கத்தில நிண்ட மற்ற லொறியை ஒருக்கா பாரும்.”

கண்டுபிடித்துச் சொன்னாலும் கோபிப்பார்கள், கண்டுபிடிக்காவிட்டாலும் கோபிப்பார்கள், ஆனால் கண்டுபிடித்ததால் வாங்கிய கோபத்தோடு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் நமக்குள்ள ஒரே சலுகை.