மழைக்காலத்து மார்க்கு

காலுறையை இழுத்து மாட்டும்போதே சூசைமேரி கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிடுவாள். கடல் பக்கம் கருத்திருந்தால் அன்றைக்கு உப்பு வாரும் வேலை கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடக் கூலி. பாதம் வெடித்து, முட்டி தேய்ந்து, இன்னமும் யாரோ ஒருவருடைய பாத்தியில்தான் நிற்கிறாள். வரும் தையில் சொந்தமாக நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு மார்க்கு வேண்டும்.

கிரெடிட் ஸ்கோரைத்தான் அவள் மார்க்கு என்கிறாள். முந்நூறில் தொடங்கித் தொள்ளாயிரம் வரை போகுமாம். போன வருடம் அவளுடையது அறுநூறைக்கூடத் தொடவில்லை.

"அஞ்சு பைசா ஏமாத்துனது இல்லீங்க நானு. மழைல நின்ன தவணயெல்லாம் மாசியில சேத்துக் கட்டிட்டேனே!" என்று கேட்பவரிடமெல்லாம் புலம்புவாள்.

அங்கேதான் வந்தது வினை. இந்த ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் மளிகைக்கடைக்காரர்கூடப் பாக்கி கேட்க மாட்டார். அளம் தண்ணீரில் கிடக்கும். மாசியில் உப்பு விளைந்ததும் பணம் தானாக வந்து சேரும். கூரை மாற்ற வாங்கிய பைனான்ஸ் கடனுக்கும் அதே வழக்கம்தான் என்று, பாவம், நம்பிவிட்டாள். மூன்று மழைக்காலம் தவணை தள்ளிப்போனது. பிறகு கட்டியது சரி, தள்ளிப்போன மாதங்கள் மட்டும் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. பதறிப்போய் வங்கி வங்கியாக ஏறி இறங்கினாள். அதற்கும் சேர்த்துக் குறைந்தது.

"கடன் கேட்டாலே கொறைக்குமாம். மாதாவே, இது என்னா நாயம்?"

அவள் மாமனார் காலத்தில் மேனேஜர் முதலில் எந்தத் தெரு என்று கேட்பாராம். தெருப் பெயரைச் சொன்னதும் மனு ஓரமாகப் போய்விடுமாம். "இப்ப தெருவ யாரும் கேக்கறதில்ல. மிஷினு மூஞ்சியப் பாக்காதுன்னாங்க, சந்தோசப்பட்டேன். அது வானத்தயும் பாக்காதுன்னு எவன் சொன்னான்?"

கம்ப்யூட்டர் சென்டர் சதீஷ்தான் வழி சொன்னான். "அக்கா, சின்னதா ஒரு பொருள் தவணைல எடுங்க. தேதி தப்பாம கட்டுனா மார்க்கு ஏறும்." மாசியில் ஒரு மிக்சி வாங்கினாள். இன்றுவரை அட்டைப்பெட்டியைப் பிரிக்கவில்லை. யாராவது கேட்டால், "அரைக்கவா வாங்குனேன்?" என்று சலித்துக்கொள்வாள். ஒரு தவணையும் தவறவில்லை. மார்க்கும் மெல்ல ஏறி வருகிறது. மார்கழியில் மறுபடி மனுப் போடலாம் என்கிறான் சதீஷ்.

இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. வாரம் முழுக்க வேலையில்லை, கையில் காசில்லை. நாளைக்குத் தவணை.

"ஒரு தவணதானக்கா, மாசியில சேத்துக் கட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஜான்சி.

சூசைமேரி இரண்டு கம்மலையும் கழற்றி முந்தானையில் முடிந்தாள். துடைப்பத்தில் இரண்டு ஈர்க்கு ஒடித்து, காது தூர்ந்துபோகாமலிருக்க அந்த ஓட்டைகளில் செருகிக்கொண்டு, அடகுக்கடைக்கு மழையில் இறங்கினாள்.