ஜீப்புக்கு இன்ஜின் பார்த்த கதை

கல்யாணத்தில் பெண்ணுக்கு நகை போடுவார்கள், பாத்திரம் பண்டம் கொடுப்பார்கள். தங்கத்தாய்க்கு அவளுடைய அப்பா ஜீப் கொடுத்தார். கல்குவாரியில் ஓடிய பழைய பெட்ரோல் ஜீப். மாப்பிள்ளை மொக்கைச்சாமிக்குச் சைக்கிளே தகராறு. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வேர்த்துவிடும். ஆகவே ஓட்டியது தங்கத்தாய்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர் அவளுக்கு. காலையில் ஊர்ப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போவதும் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவதும்தான் பிழைப்பு. பொம்பளை ஜீப் ஓட்டுகிறாளே என்று முதல் வாரம் வாயைப் பிளந்தவர்கள், அப்புறம் முன்சீட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவே கரிசல் காடு, ஓர் ஓடை. மழை பெய்தால் டிராக்டர் போன தடமெல்லாம் பள்ளமாகி, நடுமேடு சாதாரண வண்டியின் வயிற்றைத் தட்டி நிறுத்திவிடும். அதனால் அச்சுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வில்லுப்பட்டைகளைக் கூட்டி, பெரிய சக்கரம் மாட்டி, ஜீப்பை உயரத் தூக்கியிருந்தாள் தங்கத்தாய். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வைதுகொண்டேதான் ஏறுவார்கள். பரணில் ஏறுவது இதைவிடச் சுளுவு என்பான் மொக்கைச்சாமி. உயரம் கூடியது சரி. அம்மாம்பெரிய சக்கரத்தைச் சுற்ற அந்தக் கிழட்டு இன்ஜினுக்குத் தெம்பு ஏது? முக்கியது, முனகியது, 2006 ஆனி மாதம் ஒருநாள் காலையில் வெடித்தது.

வெடித்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் ‘பட்’டென்று எரிந்தது. வேறு சீமையில் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ‘பட்’ என்று கேட்டால் கால் முதலில் ஓடும், புத்தி அப்புறம்தான் வந்து சேரும். அப்படி ஓடிப் பழகியதால்தான் பல பேர் உயிரோடு இருக்கிறார்கள். போய்க்கொண்டிருந்த ஜீப்பிலிருந்து அத்தனை பெண்களும் குதித்தார்கள். மொக்கைச்சாமியின் தங்கை செல்லத்தாய்க்கு மணிக்கட்டு முறிந்தது.

கம்பெனி போர்மேன் பிரபாகரன் இளவட்டம்தான், ஆனால் கறார் பேர்வழி. அந்த ஜீப் இனி இங்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். கம்பெனி வேனோ தார் ரோட்டை விட்டு இறங்காது. மழை பெய்த மறுநாள் பெண்கள் சகதியில் நடந்து போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. இப்படியே நேரங்கழித்து வந்தால் தீபாவளி சீசனுக்கு உங்களை விட்டுவிட்டு அச்சங்குளம் ஊரில் ஆள் எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னான். ஊரே அந்தக் கம்பெனியை நம்பித்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. தங்கத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய் அவனிடம் பேசினாள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்றுகிறேன், நல்ல மழை பெய்த மறுநாள் எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன், காட்டினால் டிரிப் என்னுடையது என்றாள். அவனும் சரி என்றான், நம்பாமல்தான்.

சாத்தூரில் நாகையா பட்டறையில் இரண்டு இன்ஜின் கிடந்தன. ஒன்று காரில் இருந்து கழற்றிய பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். மற்றது சரக்கு வண்டியின் டீசல் இன்ஜின், நாலு கியர். நாகையாவுக்குப் பெட்ரோல் மேல்தான் ஆசை. அதைப் போட்டால் ஜீப் பறக்கும் என்றார். தான் ஆள் ஏற்றுகிறவள், பறந்து எங்கே போக என்று கேட்டாள் தங்கத்தாய்.

மறுநாள் அவள் செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள், கட்டுப் போட்ட கையோடு. நாகையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்ஜின் பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிவருவார்கள். கம்பெனியில் ராக்கெட் வெடி கட்டுகிற பொம்பளையை யாராவது கூட்டிவருவார்களா? தங்கத்தாய் இரண்டையும் ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னாள். ஓடும்போது அவள் இன்ஜினைப் பார்க்கவில்லை, நாத்தனாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் இன்ஜின் நைசாகத்தான் ஓடியது. நாகையா முறுக்கிவிட்டுச் சட்டென்று விட்டார். ‘பட்’. செல்லத்தாய் எதிர்த்த சோடாக்கடையில் நின்றாள். கார்பரேட்டரைக் கொஞ்சம் செட்டிங் பண்ணினால் போதும் என்று நாகையா சத்தியம் பண்ணாத குறை. அடுத்து டீசல். டக டக என்று பட்டறைத் தகரமெல்லாம் ஆடியது. முறுக்கினார், விட்டார். செல்லத்தாய் நின்ற இடத்திலேயே நின்று, இங்கே டீ கிடைக்குமா என்று கேட்டாள்.

“இதுதாண்ணே,” என்றாள் தங்கத்தாய். அந்த இன்ஜினுக்கு ப்ளக்கும் கிடையாது, பொறியும் கிடையாது என்பதை நாகையாவும் ஒத்துக்கொண்டார்.

கியர்பாக்ஸுக்கு மறுபடி வழக்கு. அந்த ஐந்து கியரையாவது டீசலோடு சேர்த்துத் தருகிறேன், தார் ரோட்டில் சும்மா போகும் என்றார். அவள் மசியவில்லை. சக்கரம் பெரிசானதிலேயே இழுவை குறைந்துபோயிற்று. முதல் கியரில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போகவேண்டும், அப்போதுதான் சகதியில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் கடக்கலாம், மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும் என்றாள். நாலு கியரே ஏறியது. அதன் பின்னால், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற ஜீப்பின் பழைய லோ கியர்ப் பெட்டி. டீசல் கனத்துக்கு முன்பக்கம் இன்னொரு வில்லுப்பட்டை போட்டார்கள், சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் மனுஷன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் விடியவிடிய மழை. காலையில் சுள்ளென்று வெயில். வெயில் அடித்தால் கம்பெனியில் வேலை உண்டு. ஜீப்பைச் சுற்றிப் பெண்கள் நின்றார்களே தவிர ஒருத்தியும் ஏறவில்லை. வருந்திக் கூப்பிடத் தங்கத்தாய்க்கும் மனம் வரவில்லை. இவர்கள் ஏறாவிட்டால் எந்த இன்ஜின் இருந்து என்ன? செல்லத்தாய்தான் சேலையைச் செருகிக்கொண்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

“நான் காதால கேட்டு எடுத்த இன்ஜினு. ஏறுங்கடி,” என்றாள். ஏறினார்கள்.

ஓடையில் ஒரு டிராக்டர் அச்சு வரை புதைந்து பாதி வழியை அடைத்துக் கிடந்தது. திரும்பிப் போ என்று அதன் டிரைவர் கையைக் கையை ஆட்டினான். தங்கத்தாய் லோ கியரைப் போட்டு, முதல் கியருக்கு மாற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஜீப் தண்ணீரில் இறங்கி, டிராக்டரை உரசாமல் ஒதுங்கி, அக்கரைச் சரிவில் ஏறியது. பாதியில் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கியது.

“பயமா இருந்தா எறங்கிக்க, செல்லம்.”

“நீங்க போங்க மதினி. எறங்குனா கால்ல சகதி அப்பும்.”

தங்கத்தாய் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தாள். டக டக என்று அதே நிதானத்தில் சக்கரம் மண்ணைக் கவ்வியது. மூக்கு மேலே போனது, கரை கீழே போனது. பின்னால் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். சாயங்காலம் வந்து இழுத்துவிடுகிறேன் என்று டிராக்டர்காரனுக்குச் சொல்லிவிட்டுப் போனாள் தங்கத்தாய். அந்தக் குசும்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

கம்பெனிக்குத் தள்ளி, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஜீப் நின்றபோது வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்தார். பெண்கள் குதித்து ஓடினார்கள், இந்தத் தடவை கேட்டைப் பார்த்து. ஒருத்தி விடாமல் உள்ளே போய்விட்டார்கள். பிரபாகரன் வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கம் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தான்.

டிரிப் யாருக்கு என்று கேட்டாள் தங்கத்தாய். அவன் வாட்ச்மேன் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி, நாளையிலருந்து அக்கா ஜீப்பு வராம கேட்டச் சாத்திராதீக.”