முற்றோதலும் என் மூச்சும்

நல்லம்பள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஆண்டுக்கொரு முறை, பதிகங்கள் அனைத்தையும் ஒரே நாளில் ஓதி முடிக்கும் முற்றோதல் நடைபெறும். காலையில் தொடங்கினால் கடைசிப் பதிகம் நிறைவுறும் வரை ஓதும் குரல் ஓயக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒருவர் முதலடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். எடுத்துக்கொடுக்கும் பேறு நெடுங்காலமாக எனக்கு வாய்த்திருந்தது. உடன் பாடிய அடியார்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோகவே, சென்ற ஆண்டு புதிய குழுவொன்றைப் பழக்கும் பணியை மேற்கொண்டேன்.

வந்தவர்கள் பெரும்பாலும் சாமந்தித் தோட்டத்துப் பெண்கள். சிலர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். அமர்ந்து பயில அவர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே பதிகங்களை நானே பாடிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்தேன். ஒரு காலை அத்தோட்டங்களின் ஓரமாக நடந்தபோது, செடிகளுக்கிடையே என் குரலும் அதனோடு இழைந்த அவர்களுடைய குரல்களும் எழக் கேட்டேன். கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, பறிக்கும் கை நில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். மலர் கொய்தபடியே இறைவனைப் பாடுவோரைப் பற்றி ஆயுள் முழுவதும் ஓதியவன் நான். கண்ணால் கண்டது அன்றுதான்.

முதல் முழு ஒத்திகையைக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். ஒருவர் கையிலும் புத்தகமில்லை, அத்தனையும் மனப்பாடம். நான் மகிழ்ந்திருக்கையில் ஒரு குறை தென்பட்டது. ஒவ்வொரு பாடலிலும் நான்காம் அடியின் நடுவில் அனைவரும் ஒருசேர நின்றார்கள். பிறகு ஒருசேரத் தொடர்ந்தார்கள். ஒரு பாடலில் திருவடியை வேண்டும் சொற்றொடரே பாதியில் அறுந்தது. மறுபடி பாடச் சொன்னேன். அதே இடத்தில் அதே அறுபடல். யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர்களுள் கணீரென்ற குரல் வாய்ந்த பெண்மணி ஒருவர், தெலுங்கு வீட்டுக்காரர், தயங்கிச் சொன்னார்: “நீங்கதானுங்கய்யா. நீங்க நிறுத்துன எடத்துலதான் நாங்களும் நிறுத்துறோம்.”

நான் மறுத்தேன். அவர் கைபேசியை என் முன் வைத்து ஒலிக்கவிட்டார். நான்காம் அடியின் நடுவில் என் குரல் நின்றது. மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு பாட்டு தொடர்ந்தது. அடுத்த பதிகத்திலும் அவ்வாறே. என் முதுமை பாட்டில் இட்ட இடைவெளியை நான் அறியவில்லை. அதையும் பண்ணின் ஓர் உறுப்பென்று மதித்து, பிசகாமல் கற்றிருந்தார்கள்.

“நல்லவேளை, அய்யா நடுவுல இருமல. இருமியிருந்தா அதையும் சேத்துப் படிச்சிருப்போம்” என்றார் பக்கத்திலிருந்தவர். மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் அச்சம் பற்றிக்கொண்டது. ஓர் அடிக்கே போதாத இந்த மூச்சைக் கொண்டு பகல் முழுவதும் எப்படி எடுத்துக்கொடுப்பது? நான் நின்றால் என்னோடு குழுவும் நிற்கும், முற்றோதல் முறியும். அதை அந்தக் கணீர்க்குரல் பெண்மணியிடம் மறைக்காமல் சொன்னேன்.

“முடியலன்னா கையக் காட்டுங்கய்யா, நாங்க புடிச்சிக்கிறோம். உங்க மொகத்தப் பாத்தா பாடப்போறோம்? சாமியப் பாத்துத்தானுங்க.”

அதன்பின் அவர்களே ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். முன்வரிசை மூச்சு வாங்கும் இடத்தில் பின்வரிசை வாங்குவதில்லை. பின்வரிசை வாங்கும் இடத்தில் முன்வரிசை பாட்டை விடுவதில்லை. எவர் மூச்சும் தனியே பாட்டைத் தாங்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிய வழி, தனியே முன்னின்று பாடியே பழகிய எனக்குத் தோன்றியதில்லை.

முற்றோதலன்று உச்சிப்பொழுது கடந்ததும் ஒரு பதிகத்தின் தொடக்கத்தில் என் குரல் அடைத்தது. கை முழுதும் உயருமுன் அந்தப் பெண்மணி முதலடியை எடுத்தார். நான்காம் அடி, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஒழுகிச் சென்று, முழுமையாகத் திருமுன் சேர்ந்தது.

நான் எழுந்து பின்னே சென்று அமர்ந்தேன். எடுத்துக்கொடுப்பவனுக்கு ஓர் அடியை வாய் பாடுகையில் மனம் அடுத்த அடிக்கு ஓடிவிடும். அன்று அடுத்ததென்று ஏதுமில்லை. இரத்தல் என்றே நான் பொருள் கொண்டிருந்த அந்தப் பாடல், அவர்கள் வாயில் உரிமையோடு கேட்பதாக ஒலித்தது. அப்பாடலை அதுவரை பாடியிருந்தேனே தவிரக் கேட்டதில்லை.

அடுத்த பதிகத்துக்கு முன் அவர் திரும்பி, எடுக்கிறீர்களா என்பதுபோல் பார்த்தார். நீங்களே என்று கைகூப்பினேன். அவர் எடுத்துக்கொடுக்க, பின்வரிசையோடு சேர்ந்து பாடினேன்.