சிவப்புத் தேன்

பௌர்ணமிக் கூட்டத்தில் வாங்கிய ரோஸ்மில்க்கின் வாசனை மூக்கில் ஏறியதும் என் காது சூடாகிவிட்டது. அடி அண்ணாமலையில் இன்று வேன்கள் நிற்கும் இந்த இடம் மறுபடியும் எங்கள் வீட்டுத் தோட்டமாகி, முருங்கை நிழலில் அப்பாவின் தேனீப் பெட்டியும், அதன் ஓயாத ரீங்காரமும், தேங்காய் நார்ப் புகையும், வெந்நீரில் முக்கிய கத்தியோடு வரும் அம்மாவுமாக நிறைந்துகொண்டது.

முதல் தேன் அண்ணாமலையார் அபிஷேகத்துக்குத்தான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லியிருந்ததால், கோயில் குருக்களே வெள்ளிச் சொம்போடு வந்திருந்தார். அப்பா தேனடையின் மேல்மெழுகை மெல்லச் சீவ, உள்ளேயிருந்து தேன் ரோஜாச் சிவப்பாய் வழிந்தது. மலைப் பூக்களைத் தேடிப் போவதாக அவர் பெருமையடித்த தேனீக்களெல்லாம் கிரிவலப் பாதை சர்பத் கடைகளின் பாகுக்குப் போய்வந்திருக்கின்றன. விரலில் தொட்டு நாக்கில் வைத்த அப்பா தலை நிமிராமல், "ரோஸ்மில்க் வாசன வருதுங்க சாமி" என்றார்.

"அதனால என்ன, கொழந்தைகளுக்குக் குடுங்கோ, ஆசையா சாப்பிடும்" என்று குருக்கள் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாதென்று, அம்மா பழக்கத்தில் அந்தச் சொம்பில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்த அப்பா, அணைந்துபோயிருந்த புகைச் சட்டியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்தவர், குருக்கள் தெருமுனை தாண்டும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.