அடுக்களைச் சன்னலும் காற்றுக் குழாயும்

பழவங்காடியில் என் கடையை மூடிய வருஷம்தான், ஸ்ரீவராகத்து வீட்டின் பின்புறம் மகனுக்கு ஓர் அறையும் கக்கூஸும் கட்டினோம். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும்.

கக்கூஸின் காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டும் என்றார் பிளம்பர்.

"பூசை அறைய விட ஒசரத்துலயா கக்கூஸ் குழாய் நிக்கும்? சன்னல் ஒசரத்துல முறிச்சு விடும்வே."

"அண்ணாச்சி, நாத்தம் பக்கத்து வீட்டு அடுக்களைக்குல்லா போகும்!"

"அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா."

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அந்த அக்கா உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. வெயில் காலத்திலும் அடுக்களைச் சன்னலைச் சாத்திவைத்தே சமைத்தார். கொசுவுக்காக என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் தேங்காய் கொடுக்கப் போனபோது அந்த நாற்றம் என் மூக்கிலும் ஏறியது.

"பழகிப் போச்சு தம்பி" என்று சிரித்தார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. பிளம்பரைத் தேடிப் பிடிப்பதற்குள் அக்கா நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டுக்கே போய்விட்டார். போனில் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது குழாய் கூரைக்கு மேலே நிற்கிறது. எங்கள் தெருக்காரர் யாராவது நாகர்கோவில் போனால், சன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கலாம், திரும்பி வரச் சொன்னேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.